இதய வெளியேற்றத்தை (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை) அளக்கும் இரண்டு முறைகளை ஒப்பிடுவது எப்படி?

தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிய கருவி வந்ததும் பலர் நேராகச் சராசரி வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்பு, எதை அளவுகோலாக வைக்கிறோமோ அந்த முறையே எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நுரையீரல் தமனி கேத்தீட்டர் (மெல்லிய குழாய்) வழியான தெர்மோடைலூஷன் (குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, இரத்த வெப்பநிலை மாறுவதைக் கொண்டு அளப்பது) என்றால், 10 மி.லி. குளிர்ந்த சலைனை 4 விநாடிக்குள் ஒரே சீராகச் செலுத்துங்கள். வெப்ப வளைவு கோணலாக வந்த அளவைத் தள்ளிவிடுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் நிற்கும் மூன்று அளவுகளின் சராசரியை எடுங்கள். சிரிஞ்சில் 9 மி.லி.தான் இருந்தது என்றால் வளைவின் பரப்பு சுருங்கும்; விடை சுமார் 11 சதவீதம் கூடுதலாக வரும். ட்ரைகஸ்பிட் வால்வில் கசிவு அதிகமுள்ளவரிடம் இந்த முறையை அளவுகோலாக வைக்கவே கூடாது.

எக்கோவில் (இதயத்தின் மீயொலிச் சோதனையில்) பிழை பெரும்பாலும் விட்டத்தில்தான் நுழைகிறது. இடது வென்ட்ரிக்கிளின் வெளியேறு பாதையின் விட்டம் 2.0 செ.மீ., வேக-நேர வளைவின் பரப்பு (ஒரு துடிப்பில் இரத்தம் நகரும் தூரம்) 20 செ.மீ., துடிப்பு 80 என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர். விட்டத்தை 1.8 என்று அளந்தால் அதுவே 4.1 லிட்டர். கணக்கில் விட்டத்தின் வர்க்கம் வருவதால் 2 மி.மீ. தவறுக்கு இத்தனை விலை! பெரியவர்களில் இந்த விட்டம் நாளுக்கு நாள் மாறாது. ஒருமுறை கவனமாக அளந்து, அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

தமனி அழுத்த அலையிலிருந்து கணக்கிடும் கருவிகளுக்கு, குழாயில் குமிழியோ உறைகட்டியோ இல்லை என்பதை ஃப்ளஷ் சோதனையால் (குழாயில் திரவத்தை வேகமாகப் பாய்ச்சி, அலையின் வடிவத்தைப் பார்ப்பது) உறுதிசெய்யுங்கள். நார்அட்ரினலின் (இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து) அளவு மாறினால் மறு அளவுத்திருத்தம் வேண்டும்.

இரு முறைகளிலும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள்; இடையில் மருந்தையோ வென்டிலேட்டரையோ தொடாதீர்கள். அளப்பவர் மற்றவரின் எண்ணைப் பார்க்கக் கூடாது.

ஒட்டுறவுக் கெழு உயர்ந்திருப்பது ஒப்புதலுக்குச் சான்றல்ல. பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடம் (இரு முறைகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிராகக் குறிப்பது) போடுங்கள். சராசரி வெளியேற்றம் 5 லிட்டர், சராசரி வித்தியாசம் வெறும் 0.2, வித்தியாசங்களின் திட்டவிலக்கம் 0.9 என்று வைத்துக்கொள்வோம். 1.96 × 0.9 ÷ 5 = 35 சதவீதப் பிழை; வழக்கமான வரம்பு 30 சதவீதம்தான். 0.2 என்ற எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்க முடியாது.

இந்த 30 சதவீத வரம்பு, இரு முறைகளும் ±20 சதவீதம் ஆடும் என்ற அனுமானத்தில் பிறந்தது. உங்கள் அளவுகோல் ±10 மட்டுமே ஆடினால், புதிய கருவி தனியே ±28 ஆடிக்கொண்டே அந்த வரம்புக்குள் நுழைந்துவிடும். எனவே இரண்டின் தனித்தனி ஆட்டத்தையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள். ஒரே நோயாளியிடம் பலமுறை அளந்திருந்தால், அவற்றைத் தனித்தனி நோயாளிகளாக எண்ணாமல், மறுஅளவீடுகளுக்கான கணக்கு முறையையே பயன்படுத்துங்கள்.