பாடக் கதையிலிருந்து கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி? ஓ. ஹென்றி கதையை வைத்து ஒரு செய்முறை

உரைநூலில் இருக்கும் சொல்–பொருள் பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வு வரைக்கும் நினைவில் நிற்கும். பிறகு அதே சொல் வேறொரு புத்தகத்தில் வந்தால் அடையாளம் தெரியாது. பட்டியலில் சொல் தனியாக நிற்கிறது. கதையில் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைப் பார்த்துவிட்டால் சொல் எளிதில் மறக்காது.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்’ கதையை எடுத்துக்கொள்வோம். 1905இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்த கதை இது. நாயகி டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட், மறுநாள் கிறிஸ்துமஸ், கணவனுக்குப் பரிசு வாங்க வேண்டும். கதை எளிது, சொற்கள்தாம் கனமானவை. சில பாடநூல்களில் சுருக்கிய வடிவம்தான் இருக்கும். கீழே வரும் சொற்கள் அதில் இல்லையென்றால் மூலக் கதையைத் தேடி எடுங்கள். இங்கே உச்சரிப்பை மட்டும் தமிழில் தருகிறோம், எழுத்துக்கூட்டலைக் கதையைப் பார்த்தே எழுதுங்கள்.

படி 1: அகராதியைத் தொடாமல் வாசிப்பு

பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு கதையை முழுவதும் ஒரே மூச்சில் படியுங்கள். தெரியாத சொல்லை அடிக்கோடிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் கதை கையை விட்டுப் போய்விடும், பிறகு ஊகிக்க எதுவும் மிஞ்சாது. முடித்ததும் 10 சொற்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘பியர் கிளாஸ்’ (ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் ஒடுங்கிய உயரக் கண்ணாடி) போன்ற பொருட்பெயர்களுக்கு ஒரு படம் பார்த்தாலே போதும்.

படி 2: காட்சியிலிருந்து ஊகம்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். முதல் பத்தியிலேயே டெல்லா மளிகைக்காரர், காய்கறிக்காரர், இறைச்சிக்காரரிடம் பேரம் பேசிப் பேசி ஒவ்வொரு சென்ட்டாகச் சேர்க்கிறாள். கன்னம் வெட்கத்தில் எரிகிறது. அங்கேதான் ‘இம்ப்யூட்டேஷன் ஆஃப் பார்சிமனி’ வருகிறது. ஒரு சென்ட்டுக்குப் பேரம் பேசுகிறவளைக் கடைக்காரர் மனதுக்குள் என்னவென்று நினைப்பார்? கஞ்சம் என்று. பார்சிமனி என்றால் கஞ்சத்தனம். இம்ப்யூட்டேஷன் என்றால் ஒருவர்மீது ஒரு குறையை ஏற்றிச் சொல்வது. வாய்விட்டுச் சொல்லாமலே சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு அது. உங்கள் ஊகத்தைத் தமிழில் ஓரத்தில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். திருத்திய ஊகம் நன்றாக மனதில் பதியும்.

படி 3: சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

புவியியலில் தீர்க்கரேகைக்கு ‘லாஞ்சிட்யூட்’ என்று படித்திருப்பீர்கள். டெல்லாவின் வீட்டிலுள்ள அந்தப் பியர் கிளாஸ், பார்ப்பவரின் உருவத்தை ‘லாஞ்சிட்யூடினல்’ கீற்றுகளாகக் காட்டுகிறது. அதாவது நெடுக்குவாட்டுக் கீற்றுகளாக. ஆனால் இந்த முறை எப்போதும் கைகொடுக்காது. ‘மெரட்ரிஷஸ்’ என்ற சொல்லுக்குள் ‘மெரிட்’ இருப்பதுபோல் தோன்றும். பொருளோ வெளிப்பகட்டான, உள்ளே சரக்கில்லாத என்பது. டெல்லா கணவனுக்கு வாங்கும் கைக்கடிகாரமல்லாத பைக்கடிகாரச் சங்கிலியைப் பற்றிய வாக்கியத்தையே பாருங்கள்: சங்கிலியின் மதிப்பு அதன் தரத்தால் தெரிகிறது, மெரட்ரிஷஸ் அலங்காரத்தால் அல்ல. அந்த ‘அல்ல’ எதிர்ப்பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

படி 4: இப்போது அகராதி

முதல் பொருளோடு அகராதியை மூடிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்தச் சங்கிலியை ‘சேஸ்ட்’ என்கிறது கதை (‘பேஸ்ட்’ போல உச்சரியுங்கள்). அகராதியில் முதலில் வருவது கற்புள்ள என்ற பொருள். சங்கிலிக்கு அது பொருந்தாது. கீழே போனால் எளிமையான, ஆடம்பரமில்லாத என்பது கிடைக்கும். கடைக்காரர்களை டெல்லா ‘புல்டோசிங்’ செய்தாள் என்றால் மண்வாரி இயந்திரம் நினைவுக்கு வரும். அந்த இயந்திரத்துக்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், அந்தச் சொல்லுக்கு மிரட்டிப் பணிய வைப்பது என்று பொருள். இங்கே விடாமல் வற்புறுத்தி விலையைக் குறைக்க வைத்தாள் என்று கொள்ள வேண்டும். தேடும்போது ‘இங்’ விகுதியை நீக்கி வினையடியைத் தேடுங்கள்.

படி 5: நோட்டில் பதிவு

ஒரு சொல்லுக்கு நான்கு வரி: எழுத்துக்கூட்டல், கதையில் வந்த வாக்கியம், தமிழ்ப் பொருள், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். கடைசி வரியில் சொல் யாரோடு, எதோடு சேரும் என்பதைக் கவனியுங்கள். ‘இன்ஸ்டிகேட்’ என்றால் தூண்டுதல். ஆனால் பெரும்பாலும் சண்டை, கலகம் போன்றவற்றோடுதான் வரும். ‘ஆசிரியர் என்னைப் படிக்கத் தூண்டினார்’ என்பதற்கு அதைப் போட்டால் பொருந்தாது.

படி 6: மறுபார்வை

1, 3, 7, 21ஆம் நாட்களில் பாருங்கள். தமிழ்ப் பொருளை மூடி வைத்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் படித்துப் பொருள் சொல்லுங்கள். 7ஆம் நாளில் நோட்டு இல்லாமல் கதையைத் தமிழில் யாருக்காவது சொல்லுங்கள். மளிகைக்கடை வரும்போது பார்சிமனியும், சங்கிலி வரும்போது சேஸ்ட்டும் தானாக நாவில் வர வேண்டும். வராத சொற்களை மறுநாள் 1ஆம் நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.