பரிணாமம் பற்றிப் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளில் அறிவியல் பேசப் போகும் இளைஞர்களுக்கு ஒத்திகை நடத்துவோம். தலைப்பு பரிணாமம் என்றால் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். தவறு பிடிப்பது என் வேலை. அண்மையில் நடந்த ஒத்திகைகளில் கேட்டதெல்லாம், எங்கள் செட் ஆரம்பித்த காலத்தில் மேடையில் உளறிய அதே உளறல்கள். ஒரு வரி கூட மாறவில்லை.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்பதை இங்கே தொடப்போவதில்லை. மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் என்பது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள் வேறு.

தேவைப்பட்டதால் வந்தது

இலை உயரத்தில் இருந்தது, ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்தது, கழுத்து நீண்டது. இது தப்பு என்று, டார்வினுக்கு முன்பே இப்படி விளக்கிய லாமார்க்கை எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டி முடித்த கையோடு அடுத்த ஸ்லைடில் "பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காததால் கள்ளி தன் இலைகளை முள்ளாக மாற்றிக்கொண்டது" என்கிறார்கள். பெயர்தான் டார்வின், சரக்கு பழையதுதான்.

ஒத்திகைக்கு வந்த ஒரு பையன் ஒட்டகச்சிவிங்கியை நன்றாகவே விளக்கினான். கழுத்து நீளத்தில் ஏற்கெனவே வித்தியாசம் இருந்தது, நீளமாக வாய்த்தவை கூடுதலாகப் பிழைத்துக் குட்டி போட்டன என்று ஒழுங்காகச் சொன்னான். டீ குடிக்கும்போது பேச்சு வேறு பக்கம் போனது. "அம்மாவுக்குச் சளி பிடிச்சா போன தடவை வாங்கின ஆன்டிபயாடிக் இப்ப கேட்க மாட்டேங்குது சார். உடம்பு பழகிடுது. அதனால கடையில வேற கம்பெனி மாத்திரையா வாங்கிடுவேன்" என்றான். எனக்கு டீ இறங்கவில்லை.

சளி பெரும்பாலும் வைரஸ் வேலை, அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கம்பெனி மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்து அதுவாகவே இருக்கலாம். அது போகட்டும். முக்கியமான தவறு, பழகுவது உடம்பு என்று நினைப்பது. மாறுவது கிருமிக் கூட்டம். அதைச் சொன்னால் உடனே, "சரி சார், கிருமி மருந்தைப் பார்த்துத் தன்னை மாத்திக்குது" என்கிறார்கள். மறுபடியும் அதே கள்ளிச்செடி!

இதற்கான சோதனை 1952இலேயே நடந்துவிட்டது. எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற தம்பதி செய்தது. ஒரு தட்டில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். கிருமி நீக்கிய வெல்வெட் துணியை ஒரு கட்டையில் இழுத்துக் கட்டி, ரப்பர் ஸ்டாம்பு போலத் தட்டின் மேல் அழுத்தி எடுத்தார்கள். துணியின் மயிரிழைகளில் ஒட்டியதை, மருந்து கலந்த புதுத் தட்டுகளில் அதே வாக்கில் ஒத்தினார்கள். பெரும்பாலானவை செத்தன. தப்பியவை எல்லாப் பிரதிகளிலும் அதே அதே இடத்தில் முளைத்தன. மருந்தைப் பார்த்த பிறகுதான் மாறியிருந்தால் தட்டுக்குத் தட்டு இடம் மாறியிருக்க வேண்டும் அல்லவா? பிறகு மருந்தே படாத மூலத் தட்டில் அந்த இடத்திலிருந்து எடுத்து வளர்த்து, திரும்பத் திரும்ப இதையே செய்தார்கள். கடைசியில் கையில் இருந்தது, மருந்தை ஒருமுறை கூடச் சந்திக்காத, ஆனால் மருந்தைத் தாங்கும் கூட்டம். மாறுபாடு முந்தியே இருந்தது. மருந்து சலித்து எடுத்தது, அவ்வளவுதான். (1958இல் ஜோஷுவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எஸ்தருக்குக் கிடைக்கவில்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.)

இது ஏன் வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை என்றால், காசநோயைப் பாருங்கள். 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுத்தார்கள். பலர் முதலில் தேறினார்கள், அப்புறம் மருந்து எடுபடாமல் போனது. நுரையீரலில் விழுந்த ஒரு குழிவுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று ஒரு மருந்தைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், மருந்து உள்ளே போவதற்கு முன்பே ஒவ்வொரு கோடியிலும் பத்து தயாராக இருக்கின்றன. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் தாங்குவது லட்சம் கோடியில் ஒன்று. கூட்டு மருந்தின் கணக்கு இதுதான். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் அடைக்காமல் வீட்டிலேயே கூட்டு மருந்து கொடுத்துக் குணமாக்க முடியும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது.

இன்னொன்று. எதிர்ப்பு மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றுவதும் உண்டு. பட்டினி போன்ற நெருக்கடியில் பிறழ்வுகள், அதாவது மரபணுவில் நேரும் மாற்றங்கள், கூடுவதும் உண்டு. 1988இல் ஜான் கெய்ர்ன்ஸ் குழு, பட்டினி கிடக்கும் பாக்டீரியாவில் வேண்டிய பிறழ்வு மட்டும் வருவது போலத் தெரிகிறதே என்று எழுதியபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. பின்னால் தேடியதில், வேண்டாத இடங்களிலும் பிறழ்வுகள் விழுந்திருந்தன. "அழுத்தத்தில் ஒன்றுமே மாறாது" என்று அடித்துப் பேசுவதும் தப்பு.

மேலே மேலே போகிறது

"புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கினால் அரங்கம் உருகும். மாணிக்கவாசகர் பேசுவது எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்த ஓர் உயிரை. பரிணாமத்தில் அப்படி ஏறி வரும் உயிரும் இல்லை, ஏணியும் இல்லை.

பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளைப் பிடித்து அலகை அளந்து பறக்க விட்டார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, நம் ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் கெட்டி முள்காய்தான் மிச்சம். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடியிருந்தது. 1983இல் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வந்து மழை கொட்டித் தீர்த்தது. தீவெங்கும் சின்ன விதைகள். அடுத்து வந்த வறட்சியில் சின்ன அலகுக்காரர்கள் கை ஓங்கியது. இதில் எது முன்னேற்றம்?

தசாவதாரம்

மீன், ஆமை, பன்றி என்று அவதாரங்களைப் பரிணாம வரிசையாகக் காட்டினால் கைதட்டல் நிச்சயம். இருந்தாலும் வேண்டாம்.

உயிரின் தோற்றம்

முதல் உயிர் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி, பரிணாமத்தோடு குழப்பாதீர்கள். 1953இல் ஸ்டான்லி மில்லர் ஆதி பூமியின் சூழலைப் போலச் செய்து பார்த்த குடுவையில், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலம் வந்தது, உயிர் வரவில்லை.

தெரியாததை மறைப்பது

பரிணாமத்தை மறுக்கிற எதிராளி பிடித்துக்கொள்வானோ என்று பயந்து, விடை கிடைக்காத கேள்விகளை நம்மவர்கள் ஒளிக்கிறார்கள். அவைதான் கூர்மையான பிள்ளைகளை இழுக்கும். உதாரணமாக, ஆண் எதற்கு? குட்டி போடாத ஆணுக்குப் பாதி வளத்தைச் செலவழிக்கும் இனம், பெண்களே பெண்களைப் பெறும் இனத்திடம் தோற்றிருக்க வேண்டும். ஒட்டுண்ணிகளிடமிருந்து தப்ப, இருவரின் மரபணுவைக் கலந்து சீட்டைக் குலுக்குவதுதான் காரணம் என்பது ஒரு விடை. ஆண் இல்லாமலும் பெருகக்கூடிய நியூசிலாந்து நத்தைகளில், ஒட்டுண்ணி மிகுந்த இடங்களில் ஆண்கள் அதிகம் என்று கர்டிஸ் லைவ்லி காட்டினார். எல்லா உயிருக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கேள்வி: மூலக்கூறு அளவில், அதாவது டி.என்.ஏ.வில், நடக்கும் மாற்றங்களில் பெரும்பங்கு தற்செயலே என்று 1968இல் மோட்டூ கிமுரா சொன்னார்; எவ்வளவு பங்கு என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். இந்தச் சண்டை பரிணாமம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியது. நடந்ததா என்பதைப் பற்றி அல்ல. இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால் போதும், மறைக்க அவசியமே இல்லை.

மனிதன் மட்டும் நின்றுவிட்டான்

நிற்கவில்லை என்பதற்கு, ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணுவைக் காட்டலாம். இந்தியாவில் அதை முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952இல். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் நோய். மலேரியா குறையக் குறைய ஆதாயம் போய் நோய் மட்டும் மிஞ்சுகிறது. நல்ல உதாரணம்தான். ஆனால் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பேசப் போனால் அந்தப் பிள்ளைகளே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். "உங்களில் யாருக்கு இருக்கிறது?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். ஒத்திகையில் ஒருவர் அப்படியே கேட்டார்.