பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மற்ற வேலை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு மெயில் கணக்கோடு ஒரு தற்காலிக பாஸ்வேர்டும் தருவோம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தது. இரண்டும் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டிலேயே அச்சாகி இருக்கிறது! அதனால் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

எங்களுடையது கூகுள் கணக்கு. உள்ளே போய் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, கணக்கு நிர்வாகம், பாதுகாப்பு, பாஸ்வேர்டு என்று போகவும். பழையதை ஒரு முறை கேட்கும், புதியதை இரண்டு முறை கேட்கும். லேப் கம்ப்யூட்டரில் நுழைய விண்டோஸ் பாஸ்வேர்டு தனியாக இருந்தால், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மாற்றும் வழி அங்கேயே வரும்.

சரி, எதை வைப்பது? நெல்லையப்பர், காந்திமதி, சொந்த ஊர்ப் பெயர், கடைசியில் ஒரு 123. நம்ம பக்கத்து ஆள் முதலில் அடித்துப் பார்ப்பது இவற்றைத்தான். 'ஏ'வுக்குப் பதில் '@' போடுவதெல்லாம் பழைய வித்தை. நீளம்தான் பலம். சொதி, மதகு, சைக்கிள், புதன் என்பது போல ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். இந்த நான்கையே வைக்காதீர்கள், இது எல்லாரும் படிப்பது. மாதாமாதம் மாற்றவும் வேண்டாம். அப்படிக் கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுவார்கள். அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட்டும் 2017 முதல் கால வரையறை வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்கிறது. யாருக்கோ தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

லேப்பில் பாஸ்வேர்டு பறிபோவது பெரும்பாலும் பக்கத்து நாற்காலியில்தான். "ஏலே, உன் பாஸ்வேர்டைச் சொல்லு, அசைன்மென்ட்டை நானே ஏத்திடுதேன்" என்பான் நண்பன். பாசக்காரப் பயல்தான், ஆனாலும் சொல்லாதீர்கள். ஃபைலை அவனுக்கு அனுப்பிவிட்டால் போதும். பொதுக் கம்ப்யூட்டரில் 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்று குரோம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுந்து போகும்போது விண்டோவை மூடினால் மட்டும் போதாது, சைன் அவுட் செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டரில் ஹால் டிக்கெட் எடுப்பவர்களுக்கும் இதேதான்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு போனிலும் ஒரு முறை உறுதி கேட்கும் வசதியை, கட்டாயம் போடுங்கள். அதில் கிடைக்கும் பேக்கப் கோடு எண்களைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். "மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே பாஸ்வேர்டைப் போடு", "ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது" என்று வரும் லிங்க்குகளைத் தொடவே கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மறந்துவிட்டால் ஐடி கார்டோடு நேரில் வாருங்கள், மாற்றித் தருகிறேன். போனில் கேட்டால் தரமாட்டேன். பேசுவது நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?