கிரிட் என்ற பெயரை நம்பி சர்வர் வாங்காதீர்கள்

ஓப்பன்சிமுலேட்டர் (ஓப்பன்சிம்) என்ற திறந்த மூல மென்பொருளில் சொந்தமாக மெய்நிகர் உலகம் அமைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இடறுவது 'கிரிட்' என்ற சொல்லில்தான். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தின் வழிவந்த வழக்கில் கிரிட் என்றால் வரைபடக் கட்டம். 256 மீட்டருக்கு 256 மீட்டர் அளவில் ரீஜியன்கள் (நிலத் துண்டுகள்) சதுரம் சதுரமாக அடுக்கிக் கிடக்கும். பல இடங்களின் கணினிகளை இணைத்து வேலை வாங்கும் கிரிட் கம்ப்யூட்டிங்கில் வரும் கிரிட், மின்சார வலைப்பின்னலை மனத்தில் வைத்து இட்ட பெயர். சொல்தான் ஒன்று, விஷயம் வேறு.

குழப்பத்தின் விலை சர்வர் செலவில் தெரியும். கிரிட் மோடுக்கு மாறினால் நெரிசலான ரீஜியனின் சுமை மற்ற கணினிகளுக்குப் பிரிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பிரியாது. பயனர் கணக்கு, அசெட் (படம், ஒலி போன்ற கோப்புகள்), இன்வென்டரி (ஒவ்வொருவரின் பொருள் பட்டியல்) போன்ற பொதுச் சேவைகளை ரோபஸ்ட் என்ற தனி பிராசஸுக்கு ஒதுக்குவதுதான் கிரிட் மோடு. ஒரு ரீஜியனின் இயற்பியல், ஸ்கிரிப்ட், அங்கே நிற்கும் அவதார்கள் (பயனர்களின் உருவங்கள்) எல்லாம் அந்த ரீஜியனை ஓட்டும் ஒரே சிமுலேட்டர் நிரலுக்குள்தான் ஓடும். 4 சர்வரில் 16 ரீஜியன் வைத்தாலும், ஒரே ரீஜியனில் 60 பேர் கூடினால் ஒரு சர்வர் மூச்சுத் திணறும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். கூட்டம் சேரும் மேடையை நான்கு ரீஜியன்கள் சந்திக்கும் மூலையில் கட்டி, சுமை பிரியும்படி நான்கையும் தனித்தனி சர்வரில் ஓட்டுங்கள். சர்வர் வாங்கும்போது செயலியில் உள்ள கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தைப் பாருங்கள்.

எது உண்மையான கிரிட்? 2002இல் கிரிட் கம்ப்யூட்டிங் முன்னோடி இயன் ஃபாஸ்டர் வைத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் போதும்: வளங்கள் ஒரே நிர்வாகத்தின் பிடியில் இருக்கக் கூடாது, பொதுப் பயன்பாட்டுக்கான திறந்த நெறிமுறைகளில் பேச வேண்டும், சேர்ந்து இயங்குவதால் சொல்லத்தக்க சேவைத் தரம் கிடைக்க வேண்டும். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும். அது ஒரே நிறுவனத்தின் கிளஸ்டர் (கணினித் தொகுப்பு). அங்கேயும் பெரும் போர் மூண்டால் சுமை தானாகப் பரவுவதில்லை. போர் நடக்கும் சூரியக் குடும்பத்தில் நேரத்தையே 10 சதவீத வேகம்வரை குறைத்துச் சமாளிக்கிறார்கள். மேகக் கணினி வாடகைக்கு எடுத்தாலும் அது கிரிட் ஆகாது, அதுவும் ஒரே நிறுவனத்தின் பிடியில்தான். வெவ்வேறு ஓப்பன்சிம் உலகங்களை இணைக்கும் ஹைப்பர்கிரிட் முதல் நிபந்தனையைத் தாண்டும், ஏனென்றால் உரிமையாளர்கள் வேறு வேறு. ஆனால் ஒருவர் உலகத்தின் சுமையை இன்னொருவர் சர்வர் சுமக்காது. அவதார் மட்டும் ஊர் விட்டு ஊர் போகும். கூட்டமைப்பு என்று சொல்லலாம்.

செட்டி அட் ஹோம் (வேற்றுக்கோள் அறிவுயிரைத் தேடும் கணக்குகளைத் தன்னார்வலர்களின் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, 2020இல் அதை நிறுத்திய திட்டம்) பாணியில் பயனர்களின் வீட்டுக் கணினிகளில் உலகத்தை ஓட்டலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். அங்கே ஒவ்வொரு துண்டு வேலையும் தனித்து நின்றது, விடை மறுநாள் வந்தாலும் கெட்டுப்போகவில்லை. ஓப்பன்சிமில் இயல்பாக நொடிக்கு 11 சட்டகம் (உலகின் நிலையைக் கணக்கிடும் ஒரு சுற்று), அதாவது ஒன்றுக்கு 91 மில்லிநொடி. (55 என்று காட்டினால் மயங்க வேண்டாம், 11ஐ ஐந்தால் பெருக்கிக் காட்டுகிறது.) சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பவே 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும்போது ஒரு சட்டகத்தை எப்படிப் பங்கு போடுவது? வரைபடப் படம் வரைதல் போன்ற காத்திருக்கக்கூடிய வேலைகளை வேண்டுமானால் அப்படித் தள்ளிவிடலாம்.

அமைப்புக் கோப்புகளிலும் ஒரு கண் இருக்கட்டும். ரோபஸ்டின் 8002 போர்ட் (பிணைய வாயில் எண்) வெளியே திறந்திருக்கலாம். 8003 உங்கள் சிமுலேட்டர்களுக்கு மட்டும். ஃபயர்வாலில் அதைத் திறந்துவிட்டால் அசெட், இன்வென்டரி சேவைகளை யாரும் நேரடியாகத் தட்டலாம். ஒரே சர்வரில் ஓடும் ஒவ்வொரு ரீஜியனுக்கும் 9000, 9001 என்று தனி போர்ட் வேண்டும். வரைபடத்தில் 1000,1000 என்ற கட்டத்தில் 512 மீட்டருக்கு 512 மீட்டர் ரீஜியன் வைத்தால் அது நான்கு கட்டங்களைப் பிடித்துக்கொள்ளும். கிழக்கே அடுத்தது 1002,1000இல் தொடங்க வேண்டும். 1001 என்று போட்டால் முதல் ரீஜியன்மேல் ஏறுகிறது என்று சொல்லி ரோபஸ்ட் பதிவை மறுத்துவிடும்.