காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் செய்யக் கூடாதவை

வலிப்பைவிட, அது வந்த நேரத்தில் பதறிப்போய் நாம் செய்கிற காரியங்கள்தான் பல சமயம் குழந்தைக்குக் கெடுதலாக முடிகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் வந்தது. மத்தியானம் வரை விளையாடிக்கொண்டிருந்தவள் லேசாகச் சிணுங்கினாள். மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகி, கைகால் விறைத்து, வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. உடம்பு கொதிப்பதே அப்போதுதான் தெரிந்தது. பல வீடுகளில் இப்படித்தான், காய்ச்சல் இருக்கிறது என்று காட்டுகிற முதல் அறிகுறியே வலிப்பாக இருக்கும். "காய்ச்சலைக் கவனிக்காம விட்டுட்டியா?" என்று அம்மாவைத் திட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

அடுத்தது வாய். பக்கத்து வீட்டு அக்கா ஸ்பூனோடு ஓடி வந்தார், என் மாமியார் சாவிக்கொத்தோடு. இரண்டு பேருக்கும் பிள்ளை மேல் உயிர். ஆனால் நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. இறுகிய பல்லுக்கு நடுவே ஸ்பூனைத் திணித்தால் பால் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம், விரலை விட்டால் விரல் கடிபடும். தண்ணீர், பால், காய்ச்சல் மருந்து எதையும் அப்போது வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். சாவி விஷயம் என்னவென்றால், பெரும்பாலான காய்ச்சல் வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

"அத்தை, சாவி வேண்டாம், மணியைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். பதறுகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். குழந்தையைத் தரையில் பாயிலோ போர்வையிலோ ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்திவிடுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், உலுக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். இவ்வளவுதான் வேலை. கை சும்மா இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம், தெரியும்.

மணி பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். முன்பே வந்த பிள்ளை என்றால், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில் அதை அடிக்கலாம். முதல் முறை வந்தது என்றால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நின்ற பிறகு கொஞ்ச நேரம் அசந்து தூங்குவது சகஜம். ஆனால் தெளியவே இல்லை, கழுத்து விறைப்பாக இருக்கிறது, ஒரு பக்கக் கைகால் மட்டும் இழுத்தது, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தது, குழந்தைக்கு 6 மாதம்கூட ஆகவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் இல்லை என்று டாக்டர் உறுதிப்படுத்தியாக வேண்டும். மந்திரிக்கக் கூட்டிப்போய் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். சூடு போடுவது கொடுமை, வேறு சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நடக்கிற தவறு ஒன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. இங்கே கிடைக்கிற சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 என்று இருக்கும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. அந்த 6 மில்லி கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை எடுத்து ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும், ஈரலுக்கு ஆபத்து. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள், உங்கள் பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, காய்ச்சல் மருந்தை விடாமல் கொடுத்தால் வலிப்பு வராது என்று நம்பி ராத்திரி முழுக்க மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். பாராசிட்டமால் குழந்தையின் வேதனையைக் குறைக்கும், வலிப்பைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இருக்கட்டும், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கம்பளி போட்டு மூடவும் வேண்டாம், ஐஸ் தண்ணீரில் துடைக்கவும் வேண்டாம்.

அப்புறம் அந்தப் பயம், "இது காக்காய் வலிப்பா மாறிடுமா?" சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை, அறிவும் மங்காது. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வருவது இது, நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு வருகிறது. மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடியும் வரலாம், அதற்குத் தயாராக இருங்கள். இதற்காகத் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள், முன்பு வலிப்பு வந்ததை மட்டும் ஊசி போடுகிறவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லலாம், வாயால் விவரிப்பதைவிட அது டாக்டருக்கு நன்றாகப் புரியும்.

அங்கன்வாடி டீச்சரிடமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒருக்களிக்கப் படுக்க வைப்பதை ஒரு தடவை செய்தும் காட்டுங்கள், வெறும் வாய்ப்பேச்சு அந்த நேரத்தில் ஞாபகம் வராது.