ஏமாந்தவர் கணக்குத் தீர்க்கும் கதை: 22 நிமிட சிட்காம் எபிசோட் எழுதும் முறை

ஒருவர் ஸ்கேமில் பணத்தை இழக்கிறார், பிறகு ஏமாற்றியவனிடமே அதைத் திரும்ப வாங்குகிறார். சிட்காமுக்குப் பழகிய கதைதான். ஆனாலும் முதன்முறை எழுதுகிறவர்கள் கையில் இது பாதியிலேயே படுத்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஏமாந்தவரை முட்டாளாக்கிச் சிரிப்பு வாங்கப் பார்க்கிறார்கள். முட்டாள் ஏமாந்தால் பார்ப்பவருக்கு வலிக்காது. வலிக்காவிட்டால் பின்னால் வரும் பதிலடியும் இனிக்காது. உங்கள் பாத்திரம் ஆசையால் ஏமாறட்டும், அதுவும் யாரும் குறை சொல்ல முடியாத ஆசையாக இருக்கட்டும்.

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம்தான் கிடைக்கும். அதற்கு மூன்று இடங்களும் நான்கு பாத்திரங்களும் போதும். ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டாகவோ பாகான் செராயாகவோ புக்கிட் ரோத்தானாகவோ இருக்கலாம், தோட்டப்புறப் பட்டணமாக இருந்தால் சரி. ஒட்டுக்கடை வைத்திருக்கும் பாக்கியம் அக்கா, டயர் கடையில் வேலை செய்யும் மருமகன் சிவா, ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) மாணிக்கம், வெளியூரிலிருந்து வரும் விற்பனையாள். இந்த நால்வரையும் வைத்தே ஒவ்வொரு படியையும் பார்ப்போம்.

படி 1: முகம் உள்ள ஸ்கேமைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது மக்காவ் ஸ்கேம். போலீஸ் என்று போன் வரும், பயந்து பணம் அனுப்புவார்கள். நிஜத்தில் கொடுமையானது, சிட்காமுக்கோ உதவாது. பேசியவன் யாரென்று கடைசிவரை தெரியாது. பணம் யாரோ ஒருவரின் கணக்கு வழியாகக் கைமாறிப் போய்விடும். திரும்ப எதிரில் வந்து நிற்க ஆளே இல்லை என்றால் பதிலடிக்கு இடமேது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்லைனில் பணம் போனால் உடனே 997-க்கு அழைக்க வேண்டும் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். 2022 முதல் இயங்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பாத்திரம் அழைக்காவிட்டால் பார்ப்பவர் எரிச்சலாவார், அழைத்தால் கதை அதிகாரிகள் கைக்குப் போய்விடும். எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லி ஏமாறும் சீனும் பழசாகிவிட்டது. அந்த முறையைக் கைவிட்டுச் செயலி வழி உறுதிப்படுத்தலுக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

அதனால் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் ஏமாற்று ஒன்றை எடுங்கள். கீறிப் பார்க்கும் பரிசு அட்டை நம் ஊர்களில் நன்றாகத் தெரிந்தது. அட்டையைக் கீறினால் பெரிய பரிசு விழும், பரிசு கைக்கு வர வரிப்பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கையில் உடனே கிடைப்பது ஒரு மலிவான பொருள். இதில் ரொக்கம் இருக்கிறது, முகம் இருக்கிறது. கதைக்கு வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: ஒருமுறை பணம் கொடுத்தவரிடம் ஸ்கேமர் இரண்டாம் முறையும் வருவான். அவனை ஊருக்குத் திரும்ப வரவழைக்க நீங்கள் தற்செயல் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அவன் பேராசையே கூட்டிக்கொண்டு வரும்.

படி 2: ஆசையையும் தொகையையும் ஒன்றாக முடிவு செய்யுங்கள்

பாக்கியம் அக்கா விடியற்காலையில் கடைக்குப் போகுமுன் குழாயடியில் கையால் துணி துவைக்கிறார். விற்பனையாள் வாசலில் நிற்கும்போதே அந்த வாளியைப் பார்க்கிறான். அட்டையைக் கீறினால் முதல் பரிசு வாஷிங் மெஷின். அவன் பையில் நாலு விதமான அட்டைகள் இருப்பதையும், வாளியைப் பார்த்த பிறகே ஒன்றை எடுப்பதையும் கேமரா ஒரு நொடி காட்ட வேண்டும். வசனமாகச் சொன்னால் செத்துவிடும்.

தொகை 850 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதில் சரிபாதி. 50 வெள்ளி போனால் அதற்காக யாரும் திட்டம் போட மாட்டார்கள். 20,000 போனால் யாராலும் சிரிக்க முடியாது. அரைமாதச் சம்பளம் என்பது வலிக்கும், ஆனால் குடும்பத்தைக் கவிழ்க்காது.

மெஷினை ஒட்டுக்கடைக்காக வாங்குவதாக எழுதிவிடாதீர்கள். காரணம் படி 4-இல் வரும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலும் கவனம் தேவை. பலரும் அதைக் கூட்டுப் பணமாக, அதாவது பலர் சேர்ந்து போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டுப் பணமாக, எழுதிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களின் காசும் போய்விட்டது என்றால் பதற்றம் கூடும், உண்மைதான். ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ இருக்கிறது. உங்கள் கதாநாயகி கூட்டு பிடிக்கிறவராக இருந்தால் போலீஸ் நிலையத்தில் தலைநிமிர்ந்து புகார் கொடுப்பதே கேள்விக்குறியாகிவிடும். அது வேறொரு எபிசோடுக்கு நல்ல கரு. இங்கே அவருடைய சொந்தச் சேமிப்பாகவே இருக்கட்டும்.

படி 3: வலை விரிக்கும் சீன்

எபிசோடின் தரம் இந்த மூன்று நிமிடத்தில்தான் தெரியும். ஸ்கேமர் மிரட்டக் கூடாது, அன்பாகப் பேச வேண்டும். தோட்டத்துக்காரர்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது “எந்தத் தோட்டம்?” என்பதுதான். அதையே அவன் சாவியாக்கிக் கொள்ளட்டும்.

“பசியாறிட்டீங்களாக்கா? இன்னும் கையாலதான் தொவைக்கிறீங்களா?”

“வேற யாருப்பா தொவைப்பா? நீ எந்தத் தோட்டம்?”

(அழிந்துபோன தோட்டம் ஒன்றின் பெயரைச் சொல்லி) “இப்ப அந்தத் தோட்டம் எங்கக்கா இருக்கு, எல்லாம் தாமானாயிருச்சு. எங்கம்மாவும் பால்மரம் வெட்டுனவங்கதான். உங்க கையைப் பாத்தா அவங்க கை மாதிரியே இருக்கு.”

மூன்றே வரிகள், மூன்றாவதில் அவர் விழுந்துவிட்டார். அழிந்துபோன தோட்டத்தின் பெயரைச் சொன்னால் யாரும் சரிபார்க்க முடியாது என்பதை அவன் அறிவான். இங்கே மாணிக்கத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அவர் அந்தத் தோட்டத்தில் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) எழுதியவர். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டு அவருக்கு அத்துப்படி. “பெரட்டு எந்தப் பக்கம் நடக்கும்? கோயிலுக்கு முன்னாலயா, ஆபீசுக்குப் பின்னாலயா?” என்று பிற்பாடு ஒரு நாள் சும்மா கேட்கிறார். அவன் தடுமாறுகிறான். சந்தேகம் பிறப்பது அங்கேதான்.

அழைக்கும் சொல்லையும் கவனித்து எழுதுங்கள். பணம் கைக்கு வரும்வரை “அக்கா”. வாங்கிப் பையில் போட்டதும் “சரிங்க மேடம்”. நடிகர் அதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை, பார்ப்பவர் தானே பிடித்துக்கொள்வார்.

படி 4: சட்டத்தைக் கதைக்குள் கொண்டு வாருங்கள்

“மெஷின் ரெண்டு வாரத்துல வரும்” என்கிறான். ஏன் இரண்டு வாரம்? வீடு தேடி வந்து விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தில், வாங்கியவர் மனம் மாறி ரத்து செய்ய 10 வேலை நாட்கள் உண்டு. அதாவது சரியாக இரண்டு வாரம். அதுவரை அக்காவை அமைதியாக வைத்திருப்பதுதான் அவன் நோக்கம். மாணிக்கம் காலண்டரில் விரல் வைத்து எண்ணி முடித்து நிமிரும்போது எபிசோடின் இரண்டாம் ஆக்ட் (பகுதி) தொடங்கட்டும். ஊரில் சட்டம் படித்தவர் யாரும் வேண்டாம், கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்த கிராணி போதும்.

“போலீஸுக்கு ஏன் போகவில்லை?” என்ற கேள்வியை 20 வினாடியில் அடைத்துவிடுங்கள். போகிறார்கள், புகார் கொடுக்கிறார்கள். ஆனால் அவன் பெயர் தெரியாது, கொடுத்த அட்டையில் இருப்பது பொய் முகவரி, காடியைக் கோயில் பக்கம் எங்கோ நிறுத்திவிட்டு நடந்தே வந்தான்.

மிச்சமிருக்கும் வழி பயனீட்டாளர் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கியவர்களுக்கான இடம் அது. அதனால்தான் மெஷின் கடைக்கு வேண்டாம் என்றோம். ஆனால் மனுவில் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே. இப்போது பதிலடியின் இலக்கு தெளிவாகிறது: அவன் தன் உண்மையான பெயரையும் முகவரியையும் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும்.

இலக்கு இவ்வளவு சிறியதாக இருப்பது முக்கியம். புதிதாக எழுதுகிறவர்கள் அடி, உதை, கடத்தல் என்று போய்விடுவார்கள். சிவாவுக்குப் போலீஸ் உடை மாட்டி அனுப்பும் சீன் எத்தனையோ முதல் டிராஃப்டுகளில் வருகிறது. அரசு ஊழியராக வேடமிடுவது குற்றவியல் சட்டம் 170-ஆம் பிரிவின் கீழ் குற்றம். அப்படி எழுதினால் உங்கள் ஆட்களும் மோசடிக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

படி 5: அவன் ஆசையைக் கண்டுபிடித்து, அவன் அட்டையையே நீட்டுங்கள்

“காப்புறுதிக்கு இன்னும் 200 வெள்ளி” என்று அவன் திரும்ப வருகிறான். அக்கா கடையில் உட்கார வைத்துத் தே தாரேக் கொடுக்கிறார். தோசை சாப்பிட்டவர்களுக்கெல்லாம் கடையில் ஒரு கீறல் அட்டை. காசு வாங்காமல் கொடுக்கும் அட்டை என்பதைக் காட்டுங்கள். பணம் வாங்கிச் சீட்டு விற்றால் அது லாட்டரி ஆகிவிடும்.

அவன் அட்டையில் “டயர் பரிசு”. அவன் காடியின் டயர் வழுக்கையாக இருப்பது முதல் ஆக்டிலேயே தெரிய வேண்டும். பரிசு வாங்க டயர் கடையில் பாரம் நிரப்ப வேண்டும், ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பதும் பாரத்தில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். “வரிக்கு வேணும்” என்று அக்காவிடம் ஐசி நகல் கேட்டவன் அவன்தானே.

இந்தச் சீனுக்கு ஒரு கட்டாய விதி: அக்கா ஒரு பொய்யும் சொல்லக் கூடாது. பரிசு நிஜம், ஒரே ஒரு பழைய டயர். நாலு புது டயர் என்று நினைத்துக் கொள்வது அவன். “டயர்னா எத்தனைக்கா?” என்று அவன் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும், எனவே கேட்க விடாதீர்கள். கேட்க வாயெடுக்கும்போது சிவா பேனாவை நீட்டட்டும்.

இன்னொரு விதி திட்டத்தைப் பற்றியது. மூவரும் உட்கார்ந்து திட்டம் முழுவதையும் பேசிவிட்டால் அது நடக்கும்போது பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. முன்கூட்டியே சொன்ன திட்டம் தவற வேண்டும், பலிக்கும் திட்டம் மறைந்திருக்க வேண்டும். இங்கே இரண்டையும் வையுங்கள். சிவா சத்தமாகச் சொல்லும் திட்டம், காடி எண்ணைப் படம் பிடிப்பது, கைபேசி சார்ஜ் தீர்ந்து சொதப்புகிறது. அக்கா யாரிடமும் சொல்லாமல் தயாரித்த அட்டைதான் வேலை செய்கிறது.

படி 6: நிமிடங்களைப் பிரியுங்கள்

தொடக்கத் துணுக்கு 2 நிமிடம்: துணி வாளி. முதல் ஆக்ட் 6: வலை, பணம், காத்திருப்பு. இரண்டாம் ஆக்ட் 8: சந்தேகம், புகார், அவன் திரும்ப வருவது, சொதப்பிய திட்டம். மூன்றாம் ஆக்ட் 5: அட்டை, பாரம், தீர்ப்பாயத்தின் நோட்டீஸ், அவன் பணத்தோடு வருவது. முடிவுத் துணுக்கு 1.

திரும்பி வரும் தொகை 855 வெள்ளி, அவர் இழந்த 850-உம் மனுக் கட்டணம் 5-உம். ஆயிரமாக வாங்கினால் பார்ப்பவர் கைதட்டுவார், ஆனால் அக்கா மீதிருந்த பிரியம் குறைந்துவிடும். முடிவுத் துணுக்கில் சிவா அந்த ஒற்றை டயரை அவன் காடியில் ஏற்றிவிடுகிறான். பரிசு பரிசுதான்.

பின்னால் தேவைப்படும் மூன்று பொருள்களும், அதாவது வழுக்கை டயர், ஐசி நகல், கீறல் அட்டை, முதல் 8 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் வரும்போது அதற்கென்று ஒரு சிரிப்பு இருக்கட்டும். சிரிப்பு இல்லாமல் வந்தால் “இது பின்னால் வரும்” என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

படி 7: வாய்விட்டுப் படித்து வெட்டுங்கள்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஆங்கில ஸ்கிரிப்ட் கணக்கைத் தமிழுக்கு நம்பாதீர்கள். எழுத்துரு, வரி இடைவெளி, சொல்லின் நீளம் எல்லாமே வேறு. நான்கு பேரை உட்கார வைத்து டைமரோடு படிக்க விடுங்கள். படிப்பில் 19 நிமிடம் வந்தால் சரியான அளவு, அசைவுகளும் மௌனங்களும் மீதியை நிரப்பும். 22 வந்தால் நீளம்.

வெட்டும்போது முதலில் போலீஸ் நிலையச் சீனைச் சுருக்குங்கள், அடுத்து மாணிக்கத்தின் சட்ட விளக்கத்தை இரண்டு வரியாக்குங்கள். வாசலில் நடக்கும் அந்த மூன்று நிமிடத்தில் கை வைக்காதீர்கள். திரையில் எந்த வங்கியின் சின்னமும் நிஜத் தொலைபேசி எண்ணும் தெரியக் கூடாது. அவன் நீட்டும் போலி அட்டையில் எண் இருக்கும் இடத்தை நடிகரின் கட்டை விரல் மறைக்கும்படி ஸ்கிரிப்டிலேயே குறித்துவிடுங்கள்.