அப்பம்மாவின் செவ்வரத்தை வேர்விட்டது

கோப்பாய் வீட்டில் அப்பம்மா நட்ட அடுக்குச் செவ்வரத்தையைப் புது வளவுக்குக் கொண்டுவர விரும்பி, முதலில் பத்துத் தடி வெட்டி நட்டேன். வேர்விடும் தூளை அடியில் தடிப்பாக அப்பினேன். ஒரு மாதம் கழித்து ஒன்றை இழுத்துப் பார்த்தால், வெட்டிய அடியில் பூக்கோவா போல வெள்ளைத் திரள் மட்டும். வேர் ஒன்றுகூட இல்லை. மனம் விட்டுப்போனது.

பிறகுதான் ஓமோன்களைப் பற்றித் தேடி வாசித்தேன். அந்தத் தூளில் இருப்பது ஒட்சின் என்ற தாவர ஓமோன். தளிரும் இளம் இலையும் அதைத் தாமே உண்டாக்கிக் கீழே அனுப்பும். வெட்டிய அடியில் அது சேர்ந்தால் வேர் முளைக்கும். அளவு மீறினால் எதிலீன் என்ற வாயு ஓமோன் பெருகி, வேர் நீளாமல் நின்றுவிடும். சைற்றோகைனின் என்ற இன்னொரு ஓமோன் தளிரின் பக்கம் இழுக்கும். 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற தாவர ஆய்வாளர் இருவரும் இதைக் காட்டியது நம்மூர்க்காரருக்கு நன்கு பழகிய புகையிலையில்தான்: ஒட்சின் விகிதம் கூடினால் வேர், சைற்றோகைனின் கூடினால் தளிர்.

சரி, இரண்டாம் முறை கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டேன். முன்பு எல்லா இலையையும் உருவியது பெரிய பிழை. தூளைத் தொட்டு, தட்டி உதறினேன். மணலும் தும்புச்சோறும் கலந்து, மாமர நிழலில் ஈரம் மட்டும் காத்தேன். நாலாம் கிழமை மெல்ல இழுத்தேன், தடி அசையவில்லை. பத்தில் ஏழு பிடித்திருந்தன.